அண்ணையின் நெஞ்சிலிருந்த லித்தியம்

அண்ணை சட்டையின் மேற்பொத்தான்கள் இரண்டைக் கழற்றினார். இடப்பக்கத் தோளெலும்புக்குக் கீழே தோல் சற்றுப் புடைத்திருந்த இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"பிள்ளை, நீ மண்ணுக்குக் கீழ என்ன கிடக்கெண்டு மேல நிண்டே சொல்லுறனீ எல்லோ. இதுக்குள்ள இன்னும் எவ்வளவு கிடக்கெண்டு சொல்லு பாப்பம்."

கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் என் வீட்டுக் குசினி. இளவேனில் காலமென்று பெயர்தான். வெளியே மழை, உள்ளே ஹீட்டர். மேசையில் அவர் வரும் வழியில் மனோர் பார்க்கில் கட்டிக்கொண்டு வந்த உழுந்து வடை. சுற்றிய பேப்பரில் எண்ணெய் ஊறியிருந்தது. நான் தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன்.

"சட்டையைப் பூட்டுங்கோ அண்ணை. குளிருது."

"நீ முதல்ல சொல்லு."

அன்று காலை ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் பார்க்கும் கிளினிக்குக்குப் போய்விட்டு நேரே என்னிடம் வந்திருந்தார். அங்கே நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து, உள்ளேயிருக்கும் பற்றரியை அளந்து பார்த்திருக்கிறார்கள். முடியப்போகிறது, மூன்று மாதமளவில் மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அண்ணையின் இதயம் தானாக அடிக்கும் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டது. அந்த மிசின் தட்டிவிட்டால்தான் அடிக்கும். பற்றரி நின்றால் அண்ணையும் நின்றுவிடுவார். விஷயம் அவ்வளவுதான்.

அவருக்கு அது விளங்கியிருந்தது. விளங்கிய பிறகும் சிரித்துக்கொண்டு வடையைப் பிட்டார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

எந்த ஊரில் விளைகிறது?

உலோகங்கள் பற்றிய இந்தத் தொடரில் செம்பைப் பற்றி எழுதினேன், கோபால்ட்டைப் பற்றி எழுதினேன். எட்மண்டனிலிருந்து ஒரு வாசகர், "போனுக்குள்ளும் காருக்குள்ளும் இருக்கிற லித்தியம் எந்த ஊரில் விளைகிறது என்று எழுதுங்களேன்" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் எழுத உட்கார்ந்தால் அண்ணை வந்து குறுக்கே நிற்கிறார். மற்றவர்களுக்கு லித்தியம் என்றால் கார். எனக்கு அது அவருடைய நெஞ்சு.

பேஸ்மேக்கருக்குள் இருப்பதும் லித்தியம் பற்றரிதான். போனில் இருப்பதைப் போலச் சார்ஜ் ஏற்ற முடியாத வகை. வைத்தால் பல வருடங்களுக்கு அப்படியே கிடந்து வேலை செய்யும். முடிந்தால் தோலைக் கீறி மிசினையே மாற்ற வேண்டும். அரை நாள் வேலை. பலர் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அந்த லித்தியம் எங்கிருந்து வந்தது என்று அண்ணையும் ஒருமுறை கேட்டார். "எந்த நாட்டு உப்பு பிள்ளை இது?" சொல்ல முடியாது என்றேன். தென்னமெரிக்க உப்பேரியிலிருந்து வருவதும், அவுஸ்திரேலியப் பாறையிலிருந்து வருவதும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு எது எந்த ஊர் என்று கடவுளுக்கும் தெரியாது.

"அப்ப ஆருக்கு நன்றி சொல்லுறது?" என்று கேட்டார். பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் முகத்தில் பகிடி இல்லை.

என் வேலை என்னவென்றால்

தொடரை இடையில் வாசிக்க வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். லண்டன் நகரத்துக்குள் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் நான் கனிம வளக் கணிப்பாளர். ஓர் இடத்தில் நிலத்துக்குக் கீழே எவ்வளவு உலோகம் கிடக்கிறது, அதில் எவ்வளவை எடுக்க முடியும் என்று கணித்துச் சொல்வது என் பிழைப்பு. கல்யாணம் கட்டவில்லை. "என்ர தங்கச்சி கல்லைக் கட்டினவள்" என்று அண்ணை கோவிலில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். நான் முறைப்பேன்.

நிலத்தைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளை போடுவோம். துளைக்குள்ளிருந்து கல் உருளை உருளையாக வரும். அந்த உருளையில் என்ன இருக்கிறதென்று தெரியும். இரண்டு துளைகளுக்கு இடையில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரியாததைத்தான் நாங்கள் கணிக்கிறோம்.

அதற்கு எங்கள் தொழிலில் மூன்று சொற்கள் உண்டு. துளைகள் நெருக்கமாக இருந்தால் "அளந்தது" என்போம். கொஞ்சம் தள்ளியிருந்தால் "காட்டியது". வெகு தூரத்தில் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் "ஊகித்தது". இந்த மூன்றையும் குழப்பி எழுதுபவன் கள்ளன். நான் இத்தனை வருடத்தில் ஒருமுறையும் குழப்பியதில்லை. மனேஜர்மார் எனக்குப் பின்னால் என்னைப் பற்றிச் சொல்கிற குறையும் அதுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மானமுள்ள கணிப்பாளர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். நூறு இருக்கும்போலத் தெரிந்தால் எண்பது என்று எழுதுவார். பின்னால் தோண்டிப் பார்க்கும்போது கூட இருந்தால் சந்தோசம். குறைய இருந்தால் தலை போகும்.

இதை அண்ணைக்கு நான் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி வருவார். சாப்பாட்டுக்குப் பிறகு, "இந்தக் கிழமை எங்க தோண்டினனீங்கள்?" என்று அந்த வாரத்து வேலையைக் கேட்பார். ஒரு சுரங்கம் மூடப்போகிறதென்று கணக்குச் சொன்ன பிறகும் பல வருடம் ஓடிய கதையைச் சொன்னேன். அவருக்கு அந்தக் கதை நல்லாப் பிடித்துப்போயிற்று. திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

உப்பேரி

தென்னமெரிக்காவில், மூச்சு முட்டும் உயரத்தில், கண்ணெட்டும் தூரம் வரை வெள்ளையாகக் கிடந்த ஓர் உப்பேரிக்கு வேலையாகப் போனேன். அடியில் கிடக்கும் உப்புநீரை இறைத்துப் பெரிய பெரிய பாத்திகளில் விடுகிறார்கள். வெயில் காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகி லித்தியம் செறிந்த நீர் மிஞ்சும். ஒரு பாத்தி நீலம், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது மஞ்சள். படம் எடுத்து வந்து அண்ணைக்குக் காட்டினேன்.

"இது எங்கட ஆனையிறவு தானே" என்றார். இளமையில் இலங்கையிலுள்ள அந்த உப்பளத்தில் சில காலம் சம்பளத்துக்கு நின்றவர். கையில் உப்பு வெட்டிய புண்ணுக்கு எதுவும் பூச முடியாதென்று சொன்னார். அந்தக் காலத்தைப் பற்றிக் கதைக்க அவருக்கு எப்போதும் விருப்பமில்லை.

அந்த உப்பேரிக்கரையில் ஒரு கிராமம் இருந்தது. நாங்கள் வான் வண்டியில் போய் இறங்கியபோது ஒரு பெண் தன் கிணற்றைக் காட்ட எங்களைக் கூட்டிப்போனாள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள். கிணற்றுக் கயிற்றை மூன்று இடத்தில் முடிச்சுப் போட்டு நீட்டியிருந்தார்கள். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறும் நீண்டிருக்கிறது. "இன்னும் எவ்வளவு காலத்துக்கு எங்களுக்குத் தண்ணீர் இருக்கும்?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாள்.

எங்களுடன் வந்தவர் ஒரு பதில் சொன்னார். தண்ணீரைக் கணிக்க வேறு நிபுணர்கள் வருவார்களாம். அது உண்மைதான். எங்கள் ஒப்பந்தத்தில் லித்தியம் மட்டும்தான் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.

லண்டனில் நிலக்கீழ் ரயிலில் ஏறினால் மின்சாரக் கார் விளம்பரத்தில் ஒரு பச்சை இலை வரைந்திருக்கும். சுத்தமான சக்தி என்று எழுதியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கார் கூடாதென்று சொல்ல வரவில்லை. புகையைக் குடித்துச் சாகச் சொல்கிறாயா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். அந்த இலைக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றையும் வரையலாமே என்றுதான் சொல்கிறேன்.

கோர்ன்வால்

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இங்கே, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கோர்ன்வால் கருங்கல்லுக்குள்ளும் லித்தியம் இருக்கிறது. பழைய வெள்ளீயச் சுரங்கங்களின் இடிந்த புகைபோக்கிகள் நிற்கிற ஊர்கள். சுரங்கம் மூடியதும் வேலையும் போனது. இப்போது லித்தியம் வருகிறதாம் என்று அங்குள்ளவர்கள் பப்பில் உட்கார்ந்து கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். நம்பிக்கையோடு கதைக்கவில்லை. நம்பினால் கொஞ்சம் சுகமாக இருக்கும் என்பதற்காகக் கதைத்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஓரிடத்தில் முதல் இரண்டு துளைகளும் அருமையாக வந்தன. எல்லோரும் கைகுலுக்கினார்கள். மூன்றாவது துளையில் வெறுங்கல். நாலாவதிலும் வெறுங்கல். "ஊகித்தது" என்று எழுதிய அவ்வளவும் ஒரே கிழமையில் இல்லாமல் போயிற்று. நான் குறைத்துத்தான் எழுதியிருந்தேன். குறைத்து எழுதியதிலும் குறைவாகத்தான் அங்கே இருந்தது.

இப்படியும் நடக்கும். நடந்தது. ஆனால் இதை அண்ணைக்கு நான் சொல்லவில்லை. சனிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெறுங்கல்லைப் பற்றிக் கதைக்க யாருக்கு மனம் வரும்? சுரங்கம் மூடாமல் ஓடிய கதைதான் சோற்றோடு போகும்.

இதற்காகப் பழியை என் தலையில் போட்டுக்கொண்டு அழுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவர் சின்னப் பிள்ளையில்லை. நெஞ்சைக் கல்லென்று நினைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. எனக்கு அவரோடு கோபம்தான். இன்றைக்கும் கோபம்தான்.

பொன்னுருக்கின வீடு

இப்போது குசினிக்குத் திரும்புகிறேன்.

"மூண்டு மாசம் எண்டு சொன்னவையெண்டால் அதுக்குள்ள மாத்திப்போட வேணும் அண்ணை. இதில பகிடி இல்லை" என்றேன்.

"அவை மூண்டு எண்டு சொன்னால் ஆறு இருக்கும்."

"ஆர் சொன்னது?"

"நீ தான் சொன்னனீ. கணக்குச் சொல்லுறவை எப்பவும் கொஞ்சம் மறைச்சு வைச்சுத்தான் சொல்லுவினம் எண்டு. டொக்டர்மாரும் அப்பிடித்தான். பிறகு தங்கட தலை போகக் கூடாதெண்டு குறைச்சுச் சொல்லியிருப்பினம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் இஞ்சி தட்டிய சின்ன உலக்கையைச் சிங்குக்குள் போட்டேன். "அண்ணை, அது கல்லு. கணக்குப் பிழைச்சால் ஒரு கம்பனிக்கு நட்டம். இது அப்பிடியே?"

"ஏன் பிள்ளை கத்துறாய்? மாத்த மாட்டன் எண்டு சொன்னனானே? கஜன்ர கலியாணம் முடியட்டும்."

கஜன் அவருடைய ஒரே மகன். வைகாசியில் கல்யாணம். ஆஸ்பத்திரி கொடுத்த முதல் திகதி, பொன்னுருக்குக்கும் கல்யாணத்துக்கும் இடையில் விழுந்துவிட்டது. தாலிக்குப் பொன்னை உருக்குகிற அந்த நாளுக்குப் பிறகு கல்யாணம் முடியும்வரை எங்கள் வீடுகளில் கெட்டது எதுவும் நடந்துவிடக் கூடாதென்று எல்லோரும் ஒரு பயத்தோடு திரிவார்கள். மாப்பிள்ளையை வெளியே விட மாட்டார்கள். அண்ணை அந்தப் பயத்தைத் தன் தோலுக்கும் நீட்டிவிட்டார்.

"பொன்னுருக்கின வீட்டில கத்தி படக் கூடாது" என்றார்.

"கத்தி படுறது ஆஸ்பத்திரியில. வீட்டில இல்லை. உப்பிடி எந்தச் சாத்திரத்தில எழுதியிருக்கு?"

"எல்லாம் எழுதியே வைக்கிறது? மச்சாளுக்கும் ஒண்டும் சொல்லிப் போடாத. கலியாண நேரத்தில அவள் பயப்பிடுவாள்."

மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. கல்யாணம் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாளே போய்ச் சொல்லிவிட்டேன். மச்சாள் அண்ணையைத் திட்டித் தீர்த்தார். ஆஸ்பத்திரிக்கு அவரே போன் எடுத்து அடுத்த திகதி கேட்டார். கொடுத்தார்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள். எனக்கு மூச்சு வந்தது.

கொடி ஏறினால்

நான் வேலைக்காக வெளிநாடு போய் வந்தபோது அந்தத் திகதியும் தள்ளிப் போடப்பட்டிருந்தது. மனோர் பார்க்கில் அவர்கள் போகிற கோவிலில் திருவிழா. அண்ணை அங்கே அன்னதானக் குசினியில் பொறுப்பு. கொடியேறிய பிறகு விட்டுவிட்டுப் போக முடியாது என்று சொல்லியிருக்கிறார்.

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் எல்லா வீடும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். குரலை உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். உயர்த்தத்தான் செய்தேன்.

"அவை சொன்ன மூண்டு மாசம் முடிஞ்சுபோச்சு அண்ணை."

"முடிஞ்சும் ஓடுதெல்லே? பாத்தியே? நான் சொன்னனான்." அவர் வெற்றி பெற்றவர்போல நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முகம் வெளிறியிருந்தது. படியேறி வந்தவர்போல மூச்சு வாங்கினார். ஆனால் அவர் கதிரையில் உட்கார்ந்துதான் இருந்தார்.

"மச்சாள், நீங்களாவது சொல்லுங்கோ."

மச்சாள் சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்தார். "கொடியும் ஏறியிட்டுது வசந்தி. இன்னும் ரண்டு கிழமை தானே. இவ்வளவு நாளும் வைச்சிருந்தவர் இனி ரண்டு கிழமை வைச்சிருக்க மாட்டாரே? தேர் முடியட்டும். நானே கூட்டிக்கொண்டு போறன். திகதியும் எடுத்து வைச்சிருக்கிறன்."

இரண்டு பேரும் ஒன்றாக நின்றால் நான் வெளி ஆள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் திரையில் நம்பர் தெரியாது. நம்பர் தெரியாத போனை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அகதியாக வந்த காலத்துப் பயம். பலமுறை அடித்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

தேர் முடிந்தது. தீர்த்தம் முடிந்தது. அடுத்த நாள் பூங்காவனத் திருவிழா, அதற்கும் அண்ணை வேண்டுமாம். அதற்கடுத்து வைரவர் மடை, திருவிழாவின் கடைசிப் பூசை. அதுவும் முடிந்தது. ஆஸ்பத்திரித் திகதி வருகிற கிழமை. எனக்குப் போன் எடுத்து, "எல்லாம் சுகமா முடிஞ்சுது பிள்ளை. இனி உன்ர ஆக்கினை தாங்க ஏலாது, வெட்டட்டும்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், ரொம்ஃபோர்ட் ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது விழுந்தார். கையில் மரக்கறிப் பை இருந்ததாம். முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வரும்வரை இருந்திருக்கிறாள். அம்புலன்ஸ் வந்தபோது ஒன்றும் செய்வதற்கில்லை.

மச்சாள் எனக்குப் போன் எடுத்தபோது நான் மீட்டிங்கில் இருந்தேன். திரையில் கோர்ன்வால் வரைபடம். யாரோ, "இதை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதலாமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

டொக்டர் சொன்னது

லண்டனில் எரிப்பதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பற்றரி வெடித்து, உலைக்கு அருகே நிற்பவர்களுக்கு ஆபத்து வரலாம். இறுதிச் சடங்கு நிறுவனத்தின் ஆள் மிகப் பணிவாக அதைக் கேட்டார். ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். திடீர் மரணம் என்பதால் பிரேத பரிசோதனை நடந்திருந்தது. மிசினையும் அளந்து பார்த்திருந்தார்கள்.

கஜனும் நானும் கிளினிக் டொக்டரைச் சந்திக்கப் போனோம். மச்சாள் வரவில்லை. டொக்டர் மதுரைப் பக்கத்துப் பெண். எங்களைக் கண்டதும் தமிழில் கதைத்தார்.

"நீங்க அவரோட தங்கச்சியா? உக்காருங்க."

"பற்றரிதான் காரணமோ?" என்று நேரே கேட்டேன்.

"ஆமா. அவரோட ஹார்ட் முழுக்க அதை நம்பித்தான் இருந்துச்சு. பேட்டரி வீக்காகி, துடிப்பைக் குடுக்க முடியாமப் போயிருச்சு. முன்னாடியே மாத்தியிருந்தா..." அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதற்கு நன்றி.

"முழுக்கத் தீர்ந்துபோச்சோ?" இது என்ன கேள்வி என்று எனக்கே தெரியவில்லை. தொழில் புத்தி.

"முழுக்கத் தீராதுங்க. கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. ஆனா அதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஹார்ட்டைத் துடிக்க வைக்கிற அளவுக்கு அதுல பலம் இல்ல."

எனக்கு அது நன்றாக விளங்கியது. ஒரு சுரங்கத்தை மூடும்போது உள்ளே உலோகம் தீர்ந்துபோயிருக்காது. எப்போதும் மிச்சம் இருக்கும். எடுக்க முடியாத மிச்சம். அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கஜன் கார் நிறுத்துமிடம் வரை எனக்கு முன்னால் நடந்தான். காரில் ஏறிய பிறகு, "மாமி, அம்மாட்ட இதைச் சொல்லுறதோ?" என்று கேட்டான். "தெரியேல்லை" என்றேன்.

மச்சாளின் கேள்வி

எரிப்பதற்கு முதல் நாள் மனோர் பார்க் வீட்டில் சனம். சப்பாத்துகள் வாசலில் குவிந்து கிடந்தன. மச்சாள் மாடி அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நானும் கஜனும் போனோம். கதவைச் சாத்தச் சொன்னார்.

அழுது களைத்திருந்தார். ஆனால் கேள்வியைத் தெளிவாகக் கேட்டார். வரிசைப்படுத்தி வைத்திருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"வசந்தி, டொக்டர் என்ன சொன்னவ? அந்த மிசின் நிண்டுபோச்சோ?"

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் தானே கொடி ஏறியிட்டுது எண்டு சொன்னனான். நீர் வந்து கத்தினீர். நான் தான் தேர் முடியட்டும் எண்டு சொன்னனான்." அவர் தன் கைகளைப் பார்த்தார். "அதுக்குள்ள ஒண்டும் மிச்சம் இருக்கேல்லையோ?"

கஜன் என்னைப் பார்த்தான். பிறகு யன்னலைப் பார்த்தான். கீழே யாரோ கதவு மணியை அடித்தார்கள்.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண் மிச்சமிருக்கும் காலம் முழுக்க அந்த இரண்டு கிழமையை எண்ணிக்கொண்டு இருப்பார். காலையில் முருகன் படத்துக்கு விளக்கேற்றும்போதும் எண்ணுவார். எனக்கு அவரோடும் கோபம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அந்த அறைக்குள் நுழையும்வரை, நல்லாக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்தக் கைகளைக் கண்ட பிறகு முடியவில்லை.

"இருந்தது மச்சாள்" என்றேன். "மிச்சம் இருந்தது."

"இருந்ததோ?"

"ஓம். டொக்டர் தன்ர வாயால சொன்னவ. கஜனும் கேட்டவன்."

கஜன் தலையை ஆட்டினான். பொய்யில்லை. டொக்டர் அப்படித்தான் சொன்னார். அடுத்த வசனத்தை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டோம்.

மச்சாள் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறந்து, "அப்ப அவர் சொன்னது சரிதான்" என்றார். "மிசினால இல்லை. அவரின்ர நேரம்தான்."

"ஓம்" என்றேன்.

மறுநாள் தகன மண்டபத்தில் கஜன் பட்டனை அமத்தினான். இங்கே கொள்ளி வைப்பது அப்படித்தான். அமத்துவதற்கு முன் திரும்பி என்னைக் கூப்பிட்டான். நான் போய் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வரும்போது மழை. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்கும் வீடு நிறையச் சனம். மச்சாள் முன்னறையில் உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தெளிந்திருந்தது. சாப்பிடத் தொடங்கியிருக்கிறார் என்று கஜன் சொன்னான். நான் குசினியில் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது.

"மிசினில ஒரு பிழையும் இல்லையாம். அதுக்குள்ள இன்னும் கனக்க மிச்சம் இருந்ததாம், நிறைய இருந்ததாம். வசந்தி தான் டொக்டரிட்டக் கேட்டு வந்து சொன்னவள். அவளுக்குத் தெரியாததே, அவள் இதைத்தானே படிச்சவள்."

கேட்டவர்கள் ஓம், ஓம் என்றார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய் ஒவ்வொருவருக்கும் கோப்பை கொடுத்தேன். கனக்க என்று நான் சொல்லவில்லை.